வைரஸ் வைத்து பேட்டரி செய்யலாம் என்றார்களே, அது ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை?

கேள்வி: அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வைரஸைக் கொண்டு லித்தியம் பேட்டரி செய்தார்கள் என்று படித்தேன். வைரஸ் எப்படி மின்சாரம் தரும்? அது பேட்டரிக்குள் உயிரோடு இருக்குமா, ஆபத்து உண்டா? இத்தனை ஆண்டுகள் ஆகியும் ஏன் கடையில் ஒன்றுகூட இல்லை? எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு இந்தத் துறையை எடுக்கலாமா?

பதில்: வைரஸ் மின்சாரம் தருவதில்லை. லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போய்வருவதால்தான் லித்தியம் பேட்டரி வேலை செய்கிறது. வைரஸ் பேட்டரியிலும் அதுவேதான் நடக்கிறது. அங்கே வைரஸ் ஓர் அச்சு மட்டுமே. முனையில் இருக்க வேண்டிய வேதிப்பொருள் எந்த வடிவத்தில், எந்தத் தடிமனில், எதை ஒட்டி உருவாக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. பொருள் அதன்மேல் படிந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

வடிவத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒரு துகளுக்குள் லித்தியம் அயனி ஊடுருவ ஆகும் நேரம், அது கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. துகளின் அளவை 10 மைக்ரோமீட்டரிலிருந்து 10 நானோமீட்டருக்குக் குறைத்தால் தூரம் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. நேரமோ பத்து லட்சத்தில் ஒரு பங்காகிறது. இதனால், பெரிய துகளாக இருக்கும்போது கைவிட வேண்டிய பொருள்கூட நானோ அளவில் உயிர்பெறுகிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் இதற்கு நல்ல சான்று. 1997ல் பேட்டரி விஞ்ஞானி ஜான் குட்இனஃப் குழு அதை அறிவித்தபோது அதன் மின்கடத்தும் திறன் மிக மோசமாக இருந்தது. துகளைச் சிறிதாக்கி, மேலே கார்பன் பூசும் வித்தை கைவந்த பிறகுதான் அது பேட்டரிப் பொருளாக நிலைபெற்றது. இன்று மின்சாரக் கார்களிலும் பேருந்துகளிலும் அது ஓடுகிறது.

நானோ பொருள் செய்வதில்தான் சிக்கல். வழக்கமான வழி உலையில் பல நூறு டிகிரிக்குச் சூடாக்குவது. அந்தச் சூட்டில் சிறு துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகிவிடும். வெற்றிட அறையில் அணு அணுவாகப் படியவைக்கலாம், ஆனால் செலவு ஏறும், கிடைப்பதோ மெல்லிய படலம். உயிரினங்கள் இந்த வேலையைத் தண்ணீரில், சாதாரண வெப்பநிலையில் செய்து முடிக்கின்றன. எலும்பு, பல், சிப்பி எல்லாமே அப்படி உருவானவைதான்.

நீங்கள் படித்த எம்.ஐ.டி. ஆய்வை நடத்திய ஏஞ்சலா பெல்ச்சர் இந்த வழிக்கு வந்ததும் சிப்பி மூலமாகத்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் முனைவர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்தது அபலோன் என்னும் கடல் நத்தையின் ஓடு. கடல்நீரில் இருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து அது ஓடு கட்டுகிறது. ஓட்டின் ஒரு பகுதியில் கால்சைட் படிகம், இன்னொரு பகுதியில் அரகோனைட் படிகம். வேதிச் சேர்மம் இரண்டிலும் ஒன்றேதான், அணுக்களின் அடுக்குதான் வேறு. எப்போது எந்தப் படிகம் என்பதை அந்த உயிரினம் சுரக்கும் புரதங்களே தீர்மானிக்கின்றன என்று 1996ல் வெளியான ஆய்வில் அவரும் அவருடைய குழுவும் காட்டினார்கள். ஒரு புரதம் கால்சியம் கார்பனேட்டின் படிகத்தை ஆள முடியும் என்றால், நத்தைக்குத் தேவையே படாத பொருள்களை, குறைக்கடத்தியை, உலோகத்தை, பேட்டரிப் பொருளை ஆளும் புரதத்தையும் கண்டுபிடிக்க முடியாதா என்பது அடுத்து அவர் எழுப்பிய கேள்வி.

இயற்கையில் அப்படி ஒரு புரதத்துக்குத் தேவை இருந்ததில்லை. ஆகவே தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தத் தேடலுக்கு ஏற்கெனவே ஒரு கருவி தயாராக இருந்தது. 1985ல் ஜார்ஜ் ஸ்மித், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் மரபணுவில் ஒரு சிறு துண்டைச் செருகினால், அந்தத் துண்டு குறிக்கும் பெப்டைடு, அதாவது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதத் துண்டு, வைரஸின் மேலுறையிலேயே வெளியே தெரியும்படி அமையும் என்று காட்டினார். 2018ல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது இதற்காகத்தான். இந்த முறையில் நூறு கோடி அளவில் வெவ்வேறு பெப்டைடுகளைத் தாங்கிய வைரஸ்களை ஒரே குழாயில் வைத்திருக்கலாம். தேவைப்படும் பொருளின் மேல் அந்தக் கரைசலை ஊற்றுவார்கள். ஒட்டாதவற்றைக் கழுவிவிடுவார்கள். ஒட்டிக்கொண்டவற்றை அமிலத்தால் பிரித்தெடுத்து, பாக்டீரியாவில் பெருக்கி, மறுபடி அதே பொருளின் மேல் ஊற்றுவார்கள். சில சுற்றுகளில் கெட்டியாகப் பிடிப்பவை மட்டும் எஞ்சும். அவற்றின் டி.என்.ஏ.வைப் படித்தால் எந்த அமினோ அமில வரிசை அந்தப் பொருளைப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். 2000ல் பெல்ச்சரின் குழு இப்படித்தான் குறைக்கடத்திகளை அடையாளம் கண்டு பிடிக்கும் பெப்டைடுகளைக் கண்டெடுத்தது.

இந்த வேலைக்கெல்லாம் பயன்பட்ட வைரஸின் பெயர் எம்13. நீளம் சுமார் 880 நானோமீட்டர், குறுக்களவு 6.5 நானோமீட்டர் மட்டுமே. மெல்லிய நீண்ட இழை. உள்ளே ஒற்றை இழை டி.என்.ஏ. சுற்றிலும் ஒரே வகைப் புரதம் சுமார் 2,700 பிரதிகள், மீன் செதில்போல வரிசையாக. இரு நுனிகளிலும் வேறு வகைப் புரதங்கள் சில பிரதிகள். பக்கவாட்டுப் புரதத்துக்கு ஒரு மரபணு, நுனிப் புரதத்துக்கு வேறொரு மரபணு. இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். என் கருத்தில் மொத்த விஷயத்தின் உயிர்நாடி இதுதான். வேறு எந்த நானோ இழையிலும், பக்கவாட்டில் ஒரு பொருள், நுனியில் வேறொரு பொருள் என்று இவ்வளவு துல்லியமாக எழுதிவைத்து, அதைக் கோடிக்கணக்கில் பிசகாமல் நகலெடுக்க முடியாது. பாக்டீரியாவின் மரபியல் அதை இலவசமாகச் செய்து தருகிறது.

2006ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள். பக்கவாட்டுப் புரதத்தின் வெளிமுனையில் குளுட்டமிக் அமிலம் நான்கை அடுத்தடுத்து வைத்தார்கள். குளுட்டமிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. ஒரு வைரஸில் 2,700 புரதம், ஒவ்வொன்றிலும் நான்கு என்றால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட எதிர்மின்னூட்டப் புள்ளிகள் ஒரே இழை நெடுகச் சீரான இடைவெளியில் அமைகின்றன. கோலத்துக்கு முதலில் புள்ளி வைப்பதைப் போன்றது இது. கோடு எங்கே ஓடும் என்பது புள்ளி வைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கோபால்ட் குளோரைடு கரைசலில் இந்த வைரஸைப் போட்டதும் கோபால்ட் அயனிகள் அந்த இடங்களில் வந்து அமர்ந்தன. பிறகு சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்தபோது, தண்ணீரிலேயே, அறை வெப்பநிலையிலேயே கோபால்ட் ஆக்சைடு நானோகம்பி உருவானது. அதை ஆனோடாக, அதாவது பேட்டரியின் எதிர்முனைப் பொருளாகச் சோதித்தபோது, அன்று பயன்பாட்டில் இருந்த கார்பன் ஆனோடைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னூட்டத்தைத் தாங்கியது. அந்தக் கார்பன் வகையான கிராஃபைட்டின் உச்சவரம்பே ஒரு கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணிதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தைப் பிடிக்கும் பெப்டைடையும் அதே வைரஸில் சேர்த்து, கோபால்ட் ஆக்சைடுக்கு நடுவே நுண்ணிய தங்கத் துகள்களைப் பதித்தபோது கொள்ளளவு இன்னும் 30 சதவீத அளவில் உயர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2009ல் வந்த அடுத்த ஆய்வு. பெல்ச்சரோடு கெர்பிராண்ட் சீடர், மைக்கேல் ஸ்ட்ரானோ ஆகியோரும் சேர்ந்து செய்தது. இம்முறை கேத்தோடு, அதாவது நேர்முனை. பக்கவாட்டில் இரும்பு பாஸ்பேட்டை வளர்த்தார்கள். அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அந்தக் குறையைப் போக்க, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் நுண்ணிய கார்பன் குழலான கார்பன் நானோகுழாயைப் பிடிக்கும் பெப்டைடை நுனிப் புரதத்தில் வைத்தார்கள். அயனியைச் சேமிக்கும் பொருள் உடம்பில், எலக்ட்ரானை ஏற்றிச்செல்லும் கம்பி நுனியில். இரண்டும் நானோமீட்டர் இடைவெளியில் தாமாகவே சேர்ந்துகொண்டன. இருபது நிமிடத்தில் முழுதும் வடியும் வேகத்தில் இறக்கினாலும் கிராமுக்கு 134 மில்லி ஆம்பியர் மணி கிடைத்தது. நூறு முறை ஏற்றி இறக்கிய பிறகும் கொள்ளளவு குறிப்பிடும்படி குறையவில்லை. நானோகுழாயை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும் பெப்டைடை வைத்தபோது பேட்டரியின் வேகமும் கூடியது. ஒரு மரபணுவில் செய்த சிறு மாற்றம் ஒரு பேட்டரியின் திறனில் நேரடியாகத் தெரிந்ததை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் எம்.ஐ.டி.யின் தலைவராக இருந்த சூசன் ஹாக்ஃபீல்ட் இந்த பேட்டரியின் மாதிரியை வெள்ளை மாளிகையில் அதிபர் ஒபாமாவிடம் காட்டினார். நீங்கள் படித்த செய்தி அநேகமாக அதையொட்டி வந்ததாக இருக்கும்.

ஆபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எம்13 மனிதரைத் தொற்றாது. ஈ.கோலை பாக்டீரியாவிலும் எல்லாவற்றையும் அல்ல, மேலே ஒரு குறிப்பிட்ட வகை நுண்ணிழை இருக்கும் இனங்களை மட்டுமே பிடிக்கும். பிடித்தாலும் அதைக் கொல்லாது, வளர்ச்சியைக் கொஞ்சம் மந்தமாக்கும், அவ்வளவுதான். முனையாகச் செய்யும்போது உலர்த்தி, உலோக ஆக்சைடால் மூடி, கரிமக் கரைப்பானில் ஊறவைத்துவிடுவதால் பேட்டரிக்குள் அது வெறும் புரத இழை. பயப்பட ஒன்றுமில்லை. பேட்டரியில் பயப்பட வேண்டியவை தீப்பிடிக்கும் கரைப்பானும், லித்தியம் உலோகம் வைத்திருந்தால் அதுவும்தான். வைரஸ் இல்லாத லித்தியம் பேட்டரிகளுக்கும் இது பொருந்தும்.

சரி, கடைக்கு ஏன் வரவில்லை?

முதல் காரணம், அந்தந்த ஆய்வில் தேர்ந்தெடுத்த பொருளிலேயே இருக்கிறது. கோபால்ட் ஆக்சைடு லித்தியத்தோடு வினைபுரியும்போது அதன் அமைப்பே உடைந்து, கோபால்ட் உலோகமும் லித்தியம் ஆக்சைடுமாகப் பிரிகிறது. திரும்ப ஏற்றும்போது மறுபடி ஆக்சைடாகிறது. இந்த வகை வினையில் ஏற்றும் வோல்ட்டேஜுக்கும் இறக்கும் வோல்ட்டேஜுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு வோல்ட் இடைவெளி விழுகிறது. போட்ட ஆற்றலில் கணிசமான பங்கு வெப்பமாகவே போய்விடும். எந்த அச்சில் வார்த்தாலும் இது மாறாது, ஏனென்றால் குறை வடிவத்தில் இல்லை, வினையில் இருக்கிறது. இரும்பு பாஸ்பேட் விஷயத்தில் வேறு தடை. அதில் லித்தியமே கிடையாது. இன்றைய பேட்டரித் தொழிற்சாலைகளில் லித்தியம் கேத்தோடுக்குள்தான் வருகிறது, கிராஃபைட் வெறுமையாக வருகிறது. லித்தியம் இல்லாத கேத்தோடை வைத்தால் எதிரில் லித்தியம் உலோகத்தை வைத்தாக வேண்டும். ஆய்வகத்தில் அதுதான் வழக்கம். தொழிற்சாலையில் அது ஒரு தனிப் போராட்டம்.

இரண்டாவது காரணம் நானோ பொருள் எல்லாவற்றுக்கும் பொது. மேற்பரப்பு அதிகமானால் வேகம் கூடும், உண்மைதான். ஆனால் அதே மேற்பரப்பில்தான் மின்பகுளி, அதாவது இரு முனைகளுக்கும் நடுவே அயனிகள் போய்வரும் திரவம், சிதைந்து ஒரு படலமாகப் படிகிறது. ஆனோடில் அந்தப் படலம் முதல் சுற்றிலேயே லித்தியத்தை விழுங்கிவிடும், திருப்பித் தராது. அதோடு நானோகம்பிகளை நெருக்கி அடுக்க முடியாது. இடையில் வெற்றிடம் நிறைய இருக்கும். கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்தால் அழகாக இருக்கும் எண், லிட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் சுருங்கிவிடும். காரில் இடம் குறைவு. செல்போனில் அதைவிடக் குறைவு.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது: கிலோ கணக்கு. இதைச் செய்திகளில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை, நாம் போட்டுப் பார்ப்போம். எம்13ன் மூலக்கூறு எடை சுமார் 1.6 கோடி. அவகாட்ரோ எண்ணால் வகுத்தால் ஒரு வைரஸின் எடை ஏறத்தாழ 2.7 × 10⁻¹⁷ கிராம். பாக்டீரியா வளரும் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்கு லட்சம் கோடி, அதாவது 10¹² வைரஸ் கிடைப்பது ஆய்வகத்தில் சாதாரண விளைச்சல். அப்படியென்றால் ஒரு லிட்டருக்கு 27 மில்லிகிராம். இப்போது 50 கிலோவாட் மணி பேட்டரி உள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். இரும்பு பாஸ்பேட் வகைக் கேத்தோடு என்றால் ஏறத்தாழ 100 கிலோ வேண்டும். 20 நானோமீட்டர் தடிமனான கம்பிக்கு நடுவே 6.5 நானோமீட்டர் வைரஸ் இருந்தால், அடர்த்தி வித்தியாசத்தையும் சேர்த்து, எடையில் சுமார் 5 சதவீதம் வைரஸ். அதாவது ஒரு காருக்கு 5 கிலோ வைரஸ். லிட்டருக்கு 27 மில்லிகிராம் வீதம் 1,85,000 லிட்டர் பாக்டீரியாக் கரைசல். ஒரே ஒரு காருக்கு! விளைச்சலைப் பத்து மடங்கு உயர்த்தினாலும் 18,500 லிட்டர். பிறகு அதைப் பாக்டீரியாவிலிருந்து பிரித்து, சுத்திகரித்து, உப்பு நீக்கி எடுக்க வேண்டும். மருந்துத் துறையில் இந்த அளவுக்கு நொதிக்கலன்கள் உண்டு, ஆனால் அங்கே கிராம் கணக்கில் விலை வைப்பார்கள். பேட்டரிப் பொருளைக் கிலோவுக்குச் சில டாலர் விலையில் விற்றாக வேண்டும்.

இது என் தோராயக் கணக்குதான். கம்பியைத் தடிமனாக்கினால் வைரஸின் பங்கு குறையும். ஆனால் தடிமனாக்க ஆக்க, நானோவாக இருப்பதன் லாபமும் போகும். இரண்டுக்கும் நடுவே இந்தக் கணக்கை எப்படித் திருப்பினாலும் காருக்குக் கட்டுப்படியாகும் இடம் எனக்குத் தெரியவில்லை.

பெல்ச்சரின் ஆய்வகம் 2013ல் லித்தியம்-ஆக்சிஜன் பேட்டரிக்காக மாங்கனீஸ் ஆக்சைடு நானோகம்பிகளை எம்13 மேல் வளர்த்தது. யாங் ஷாவோ-ஹார்னும் அந்த ஆய்வில் உண்டு. கம்பியின் தடிமன் 80 நானோமீட்டர் அளவு, மேற்பரப்பு முள் முள்ளாக இருக்கும், அதில் 3 முதல் 5 சதவீதம் பல்லேடியம். மேற்பரப்பு அதிகம் தேவைப்படும் வினையூக்கிக்கு இந்த வடிவம் மிகப் பொருத்தம். ஆனால் லித்தியம்-ஆக்சிஜன் பேட்டரிக்கே தீராத நோய்கள் உண்டு, மின்பகுளி சிதைவது அதில் முதன்மை. நோயாளி எழுந்து நடக்கட்டும், அப்புறம் பேசலாம்.

எம்13க்கு வெளியே போனால் கிலோ கணக்கு கொஞ்சம் மாறுகிறது. புகையிலைத் தேமல் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 300 நானோமீட்டர் நீளம், 18 நானோமீட்டர் குறுக்களவு, நடுவே 4 நானோமீட்டர் துளை. 2,130 புரதங்கள் சுருளாக அடுக்கிய கடினமான குழல். நோய் பிடித்த இலை ஒரு கிலோவில் கிராம் கணக்கிலேயே இந்த வைரஸ் கிடைக்கும். நொதிக்கலன் வேண்டாம், வயல் போதும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கல்வர், ரேஸா கோட்ஸி, சுன்ஷெங் வாங் ஆகியோரின் குழுக்கள் இதன் புரதத்தில் ஒரு சிஸ்டீன் அமினோ அமிலத்தைப் புகுத்தின. சிஸ்டீனில் கந்தகம் இருப்பதால் அது உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். விளைவாக வைரஸ்கள் உலோகப் பரப்பின் மேல் குத்துச் செடிகளாக நின்றன. அவற்றின்மேல் நிக்கல் பூசி, நிக்கலின் மேல் சிலிக்கானைப் படியவைத்தார்கள்.

சிலிக்கான் ஏன்? லித்தியத்தைச் சேமிப்பதில் கிராஃபைட்டைவிடப் பத்து மடங்கு வரை கொள்ளக்கூடியது சிலிக்கான். ஆனால் லித்தியம் நிறைந்ததும் கன அளவில் ஏறத்தாழ நான்கு மடங்காக வீங்கும், இறக்கும்போது சுருங்கும். பெரிய துகள் இதைத் தாங்காமல் பொடிந்துவிடும். நட்டு வைத்த மெல்லிய கம்பிகள் என்றால் வீங்குவதற்குச் சுற்றிலும் இடம் இருக்கிறது. 2010ல் வெளியான அந்த ஆய்வில் கிராமுக்கு 3,300 மில்லி ஆம்பியர் மணி கிடைத்தது, சுற்றுக்கு 0.2 சதவீதம்தான் குறைந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை. சுற்றுக்கு 0.2 சதவீதம் என்பது கேட்க அற்பமாக இருக்கும். அதே வேகத்தில் போனால் 110 சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காருக்கு ஆயிரம் சுற்றாவது வேண்டும். சிலிக்கானைப் படியவைக்க வெற்றிட அறையும் தேவைப்பட்டது, ஆகவே தண்ணீரில் அறை வெப்பநிலையில் செய்வதன் சிக்கனம் பாதியிலேயே கைநழுவியது. காருக்கு இது எட்டாது. ஆனால் சில்லுக்குள் வைக்கும் மிகச் சிறிய பேட்டரிகளுக்கு, அதுவும் பரப்பளவு குறைவாக இருக்கும் உணரிகளுக்கு, இந்த முறையில் நல்ல அர்த்தம் இருப்பதாகவே நினைக்கிறேன்.

நான் அதிகம் நம்பிக்கை வைப்பது வேறொரு கிளையின் மேல். அச்சை மட்டும் கொடுக்காமல் பொருளையும் சேர்த்தே கொடுக்கும் உயிரினங்கள் உண்டு. டையாட்டம் என்னும் நுண்பாசி தன்னைச் சுற்றிச் சிலிக்காவால் கண்ணாடிக் கூடு கட்டுகிறது. கூடு முழுக்க நுண்துளைகள். 2007ல் ஜார்ஜியா டெக்கின் கென்னத் சாண்ட்ஹேஜ் குழு, மெக்னீசியம் ஆவியை 650 டிகிரி செல்சியஸில் இந்தக் கூட்டின் மேல் செலுத்தி, துளைகள் கலையாமல் சிலிக்காவைச் சிலிக்கானாக்கியது. தொழிற்சாலைகளில் மணலைச் சிலிக்கானாக்க மின்வில் உலையில் ஏறத்தாழ 2,000 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் எந்த நுண்வடிவமும் மிஞ்சாது. உருகுநிலைக்கு வெகு கீழேயே வினை முடிந்துவிடுவதால்தான் வடிவம் தப்பிக்கிறது.

இதே வினை நெல் உமிக்கும் பொருந்தும். நெற்பயிர் வேரின் வழியாகச் சிலிசிக் அமிலத்தை உறிஞ்சி, பூச்சியிடமிருந்தும் நோயிடமிருந்தும் காத்துக்கொள்ள உமியில் சிலிக்காவாகச் சேர்த்துவைக்கிறது. உமியின் எடையில் 15 முதல் 20 சதவீதம் சிலிக்கா, அதுவும் நானோ துகள்களாக. 2013ல் ஸ்டான்ஃபோர்டின் யி சுய் குழு உமியிலிருந்து எடுத்த சிலிக்கானில் கிராமுக்கு 2,790 மில்லி ஆம்பியர் மணி எடுத்தது. 300 சுற்றுக்குப் பின் 86 சதவீதம் தங்கியது. உலகில் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கு மேல் உமி கிடைக்கிறது. மேலே போட்ட லிட்டர் கணக்கு இங்கே முற்றிலும் மறைந்துவிடுகிறது, ஏனென்றால் பயிர் வளர்ப்பவர் அந்த வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டார்.

இதிலும் நுணுக்கம் உண்டு. நம் ஊர் அரிசி ஆலைகளில் கொதிகலனில் எரித்து வரும் உமிச் சாம்பலை அப்படியே எடுத்தால் சரிப்படாது. உமியில் உள்ள பொட்டாசியம் சிலிக்காவை இளக்கி ஒட்டவைத்துவிடும். சூடு அதிகமானால் அது படிகமாக மாறி நானோ அமைப்பு போய்விடும். அதனால் முதலில் அமிலத்தில் ஊறவைத்துப் பொட்டாசியத்தை நீக்கி, பிறகு மிதமான சூட்டில் எரிக்க வேண்டும். மெக்னீசியம் வினையும் சாதுவானதல்ல. அது வெளியிடும் வெப்பத்தில் உள்ளூரச் சூடு எகிறி வடிவம் உருகிவிடலாம். வெப்பத்தை வாங்கிக்கொள்ளச் சாதாரண உப்பைக் கலப்பது நல்ல வழி. ஒரு கிலோ சிலிக்கானுக்குச் சமன்பாட்டின்படியே 1.7 கிலோ மெக்னீசியம் போகும். மெக்னீசியத்தை எடுக்கச் செலவாகும் ஆற்றலையும் சேர்த்தே இந்த முறையின் பசுமையை மதிப்பிட வேண்டும். பல கட்டுரைகள் உமியின் பசுமையைச் சொல்லும், மெக்னீசியத்தை விட்டுவிடும். எனக்கு இது நெருடலாகவே இருக்கிறது.

பூஞ்சையிலும் முயற்சி நடந்திருக்கிறது. டண்டீ பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி காட் குழு 2016ல் நியூரோஸ்போரா கிராசா என்னும் ரொட்டிப் பூஞ்சையை யூரியாவும் மாங்கனீஸ் குளோரைடும் கலந்த ஊடகத்தில் வளர்த்தது. பூஞ்சை யூரியாவைச் சிதைத்து மாங்கனீஸ் கார்பனேட்டைத் தன் இழைகள்மேல் படியவைத்தது. சூடாக்கியபோது இழை கார்பனாகவும் கார்பனேட் மாங்கனீஸ் ஆக்சைடாகவும் மாறின. வைரஸ் ஆய்வில் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியிருந்த கடத்தியும் சேமிப்புப் பொருளும் இங்கே ஒரே உலையில் கிடைத்துவிடுகின்றன. லித்தியம் பேட்டரியில் 200 சுற்றுக்குப் பின்னும் 90 சதவீதத்துக்கு மேல் தங்கியது. எளிமைக்காகவே இதை மெச்சுகிறேன்.

அப்படியானால் எம்13 வீண்தானா? இல்லவே இல்லை. ஆனால் அதன் இடம் முனைக்குள் அல்ல, அதற்கு முன்பு என்பதே என் கருத்து. எந்த அமினோ அமில வரிசை எந்தப் பரப்பைப் பிடிக்கும், எது எந்தப் படிகத்தை வளர்க்கும் என்று நூறு கோடி வாய்ப்புகளைச் சில வாரங்களில் சலித்துத் தரும் கருவிகள் மிகக் குறைவு. கண்டுபிடித்த பெப்டைடைப் பிறகு மலிவான ஒரு பாலிமரிலோ பிணைப்புப் பசையிலோ பொருத்தலாம். நானோகுழாயும் இரும்பு பாஸ்பேட்டும் எவ்வளவு நெருக்கமாக இருந்தால் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதை 2009 ஆய்வு அளந்து காட்டியது. அந்த அறிவு வைரஸ் இல்லாத முனைகளுக்கும் பொருந்தும்.

புராஜெக்ட் விஷயத்துக்கு வருகிறேன். எம்13 எடுத்தால் மரபணு மாற்றம் செய்யும் வசதியும் அதற்குரிய பாதுகாப்பு அனுமதியும் வேண்டும். வேதியியல் துறையில் இருந்துகொண்டு ஓராண்டில் முடிப்பது கடினம். உமியோ, டையாட்டம் கூடுகள் படிந்து உருவான டையாட்டம் மண்ணோ எடுங்கள். அமிலத்தில் ஊறவைத்தது, ஊறவைக்காதது; 600 டிகிரியில் எரித்தது, 900ல் எரித்தது; உப்பு கலந்தது, கலக்காதது என்று ஒப்பிட்டாலே நல்ல ஆய்வேடு கிடைக்கும். மெக்னீசியம் வினையைக் காற்றில்லாத சூழலில், மேற்பார்வையோடு செய்யுங்கள். வினைக்குப் பின் அமிலத்தில் கழுவும்போதும் கவனம் வேண்டும்: மெக்னீசியம் சிலிசைடு மிச்சம் இருந்தால் தானாகத் தீப்பற்றும் சிலேன் வாயு வரும். காற்றோட்டப் பெட்டிக்குள் வைத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

இன்னொன்று. இந்தத் துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது கிராமுக்கு எவ்வளவு என்ற எண்ணோடு நிறுத்தாதீர்கள். அந்தக் கிராமில் அச்சின் எடையும் பூசிய உலோகத்தின் எடையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பூசினார்கள் என்று தேடுங்கள். ஆய்வகத்தில் ஒரு மில்லிகிராம், அதற்கும் கீழே இருப்பது சகஜம், தொழிற்சாலைக் கேத்தோடில் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருக்கும். எதிர்ப்பக்கம் லித்தியம் உலோகமா, உண்மையான கேத்தோடா என்று பாருங்கள். லித்தியம் உலோகம் என்றால் விழுங்கப்பட்ட லித்தியம் எவ்வளவு இருந்தாலும் வெளியே தெரியாது. முதல் சுற்றில் போட்டதில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது என்பதையும் பாருங்கள். இந்த நான்கையும் உங்கள் ஆய்வேட்டிலும் தவறாமல் எழுதுங்கள், எண் சுமாராக வந்தாலும் பரவாயில்லை.